அசையாமல் உட்காரும் இடம்

ஹெரான் ஃபால்ஸ்
செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஐலி எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நலம், என் இடது முழங்காலைத் தவிர. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கப்பலில் போர்வை கொடுக்கிறார்களா, இல்லை இரும்புத் தாதுவையே போர்த்திக்கொண்டு தூங்குகிறாயா?

உன் கப்பலின் தபால் விலாசத்தை அம்மா என் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்தாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்றில்லை, அப்பா முன்னால் வேண்டாம் என்றுதான்.

ஏழாம் வகுப்புக்குப் புது டீச்சர் வந்திருக்கிறார். பெயர் மிஸ் பெரால்ட். தெற்கே பெரிய நகரத்திலிருந்து வந்தவர், மழைக் காலணியைக்கூட இஸ்திரி போட்டதுபோல வைத்திருக்கிறார். வியாழக்கிழமை மதியம் எங்கள் எல்லாரையும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காகிதக் கம்பெனிக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். ஆளுக்கு ஓர் இடம். இந்த வருஷம் முழுக்க அதே இடம். அங்கே வாயைத் திறக்காமல், அசையாமல் இருபது நிமிடம் உட்கார வேண்டும். பிறகு வகுப்புக்கு வந்து கண்டது, கேட்டது, தோன்றியது எல்லாவற்றையும் 'சிந்தனைக் குறிப்பு' என்று எழுத வேண்டும்.

இருபது நிமிடம்! சர்ச்சில் பாதிரியார் மூச்சு வாங்குவதற்குள் நான் இரண்டு தரம் இருமி, மூன்று தரம் திரும்பிப் பார்த்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். முதல் வாரமே ஓடையைத் தாண்டப் பார்த்து விழுந்தேன். முழங்கால் கதை அதுதான். மிஸ் பெரால்ட் கட்டுப் போட்டுக்கொண்டே, "ஐலி, காடு எங்கயும் ஓடிப் போகாதும்மா. நீதான் ஓடற" என்றார். என் வகுப்பு டக்கர் சிரித்தான். அவன் மூஞ்சியில் நான் ஒரு காளானை எறிந்தேன்.

மார்ச்சில் நீ பனி தள்ளும் லாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கப்பலுக்குப் போனதிலிருந்து அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. தான் வேலை பார்க்கும் கராஜில் கெஞ்சி உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், ஃபோர்மேன் முன்னால் தலை குனிந்துதானே நின்றிருப்பார்? நான் உன்னைத் திட்டவில்லை. ஜனவரியில் ஏரி உறைந்து கப்பல்களைக் கட்டிப் போடும்போது வீட்டுக்கு வருவாயா? இதற்கு மட்டும் பதில் சொல்.

உன் தங்கை,
ஐலி


ஹ்யூரான் ஏரி நடுவே
செப்டம்பர் 25

என் குரங்குக் குட்டிக்கு,

நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறையில்லை. சமையல்காரர் அரைத் தூக்கத்திலும் பன்றி இறைச்சி வறுப்பவர். குளிப்பதுதான் பிரச்சினை, எவ்வளவு தேய்த்தாலும் காதுக்குள்ளிருந்து செம்மண் நிறத் தூள் வருகிறது. உன் முழங்காலில் சீழ் கீழ் வைக்கவில்லையே? அம்மாவிடம் காட்டு, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் வீட்டில் இருக்கும்போது நீயே வைத்தியம் பார்க்காதே.

உன் கடிதம் எப்படி வந்தது தெரியுமா? டெட்ராய்ட் பக்கம் ஆற்றில் தபால் படகு ஒன்று கப்பலோடு ஒட்டிக்கொண்டே வரும். நாங்கள் கயிற்றில் வாளியை இறக்குவோம். எல்லாருக்கும் பார்சல், எனக்கு மட்டும் உன் கோணல் கையெழுத்து. வாளிக்காரன், "யாருடா இது, காதலியா?" என்றான். "இல்லடா, தலைவலி" என்றேன்.

உன்னை உட்காரச் சொன்ன டீச்சருக்கு ஊர் கூடிச் சிலை வைக்கலாம். நான் உன் வயதில் அப்பாவோடு வேட்டைப் பரணில் உட்கார்ந்திருக்கிறேன். நான் நெளிந்தால் தொடையில் கிள்ளுவார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மொத்தமாகப் பத்து வார்த்தை பேசுவார், பத்தும் மானைப் பற்றி. உன்னைக் கிள்ள ஆள் இல்லை, அதுதான் குறை.

அப்பாவின் முதுகு வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லாதே. இந்த வருஷம் எந்தப் பக்கம் பரண் போடுகிறார்?

அன்புடன்,
ஆர்வோ


ஹெரான் ஃபால்ஸ்
அக்டோபர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே யாருக்கும் நோய் நொடி இல்லை. அப்பாவின் முதுகு சௌனா நீராவி அறையில் உட்கார்ந்தால் சரியாகிறது, எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. பழைய பரண் இடிந்து கிடக்கிறது, அதைத் தொடவே இல்லை. போன இரண்டு வருஷமும் மான் கிடைக்கவில்லை என்று கராஜில் எல்லாரும் அவரைக் கிண்டல் செய்கிறார்களாம். நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. அதைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

அண்ணா, இன்று நான் உட்கார்ந்தேன்!

என் இடம் எது என்று சொல்கிறேன். ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு ஹெம்லாக் மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. அந்த வேர்க் கூட்டத்துக்கு அடியில் ஒரு பள்ளம். அதற்குள் புகுந்துகொண்டால் முதுகுக்குக் காற்றே இல்லை. வழக்கம்போலச் சுள்ளியை ஒடித்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கரையில் அவன் வந்து நின்றான். எட்டுக் கிளைக் கொம்பன் மான். கழுத்து அப்பாவின் இடுப்பு அளவு இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. எனக்கு மூக்கு அரித்தது, கால் மரத்தது, நான் அசையவில்லை. நேரம் முடிந்து விசில் அடித்த பிறகும் அசையாததால் மிஸ் பெரால்ட் பயந்துபோய்த் தேடிக்கொண்டு வந்தார். அழுதுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

போன வாரமும் கால் தடம் பார்த்தேன், அவனுடையதுதான். மண்ணைக் காலால் பறித்து வைத்திருக்கிறான், கொம்பை உரசிச் சின்ன மரங்களின் தோலை உரித்திருக்கிறான். அது அவன் வீடு.

யாரிடமும் சொல்லாதே. அப்பா சொல்வது நினைவிருக்கிறதா? "பல்லக்கூடக் கழட்டிக் கடன் குடு. மான் நிக்கிற எடத்த மட்டும் பெத்தவன் கேட்டாலும் சொல்லாத." கூடப் பிறந்தவனைப் பற்றி அவர் எதுவும் சொல்லாததால் உனக்குச் சொல்கிறேன். சத்தியம் செய்து எழுது.

உட்காரத் தெரிந்த,
ஐலி


சுப்பீரியர் ஏரி
அக்டோபர் 19

குட்டிக்கு,

நலமே. இங்கே காற்று ஏறிவிட்டது, தட்டு மேஜையில் நிற்பதில்லை. நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதானே காட்டுக்குப் போகிறாய்?

சத்தியம், சத்தியம், சத்தியம். எட்டுக் கிளையா? நிச்சயமா? உன் கண்ணுக்கு ஆறே எட்டாகத் தெரியும். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? மதியம் மட்டும்தான் வருகிறானா, காலையிலும் தடம் புதிதாக இருக்கிறதா? பள்ளிப் பக்கமிருந்து வராமல், ஓடை வழியாகவே அந்த மரத்துக்கு ஏறி வர முடியுமா? சும்மா கேட்கிறேன். மூன்று வேளையும் தண்ணீரையே பார்க்கிறவனுக்கு ஒரு மானை நினைத்துப் பார்க்க ஆசை.

அப்பா இரண்டு வருஷமாக வெறும் கையோடு வந்ததை வைத்துக் கராஜில் இன்னும் கிண்டல் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஆர்வோ


ஹெரான் ஃபால்ஸ்
அக்டோபர் 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது. எட்டுதான், நான் எண்ணினேன். காலையிலும் வருகிறான். ஓடை வழியாக வரலாம், வழுக்கினால் முழங்கால் போகும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை கேள். மிஸ் பெரால்ட் பருவத்துக்கு ஒரு செயல்திட்டம் என்று எங்களைக் காட்டு வரைபடம் செய்யச் சொன்னார். ஒரு சுவர் நீளத் தாள். அவரவர் இடத்தில் கண்டதை அவரவரே வண்ணக் குண்டூசி முள்ளால் குறிக்க வேண்டும். அணிலுக்குப் பழுப்பு முள், ஆந்தைக்கு வெள்ளை முள், மானுக்குச் சிவப்பு முள். நவம்பர் 7 மாலை பெற்றோர் சந்திப்பில் அதை நடைபாதையில் தொங்கவிடுவாராம். பதினைந்தாம் தேதி வேட்டை தொடங்குகிறது! பள்ளிக்கே அன்றைக்கு விடுமுறை விடுகிற ஊரில், மான் நிற்கிற இடத்தையெல்லாம் சிவப்பு முள்ளால் குத்தி ஊருக்குக் காட்டப்போகிறார்! தெற்கத்திக்காரருக்கு என்ன தெரியும், பாவம்.

டக்கர் வெளிறிப்போய், "எங்கப்பா என்னத் தோல உரிச்சு ஆணியில மாட்டிருவாரு" என்றான். மறுநாள் அவனுடைய சிவப்பு முள் கழிவுநீர்க் குளத்துக்குப் பின்னால் இருக்கும் சதுப்புக்குப் போயிருந்தது. அங்கே மான் அல்ல, தவளைகூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகும். அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்தோம். வாரக் கடைசியில் பார்த்தால் மொத்தச் சிவப்பு முள்ளும் சதுப்பில்! மிஸ் பெரால்ட் கண்கள் விரிய நின்று, "ஏன் எல்லாம் அங்க சேருது? சாப்பாடா? கதகதப்பா? பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேக்கணும்" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நானும் மாற்றினேன். 'சிந்தனைக் குறிப்பு உண்மையாக இருக்க வேண்டும்' என்று பலகையில் எழுதியிருக்கிறது. கணக்கில் பொய் எழுதியிருக்கிறேன், அதெல்லாம் உறுத்தியதில்லை. இது உறுத்துகிறது. ஆனாலும் என் கொம்பனைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்.

ஜனவரியில் வருவாயா, மாட்டாயா?

ஐலி


ஹெரான் ஃபால்ஸ்
நவம்பர் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஏரியில் புயல் என்று ரேடியோ சொல்லும்போதெல்லாம் அம்மா பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுகிறாள். இங்கே நாங்கள் நலம்.

பெற்றோர் சந்திப்பு இன்று மாலை நடந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்கக்கூட வராத அப்பாக்களெல்லாம் வந்திருந்தார்கள். வரைபடத்தின் முன்னால் அப்படி ஒரு கூட்டம். ஃபோனில் படம் எடுக்கிறார்கள், தாடியைத் தடவுகிறார்கள். டக்கரின் அப்பா என்னிடம், "நல்லாப் படிக்கிற பிள்ளைங்கம்மா நீங்கள்லாம்" என்றார். தன் பிள்ளை பொய் சொன்னது அவருக்குத் தெரியும், மற்றப் பிள்ளைகள் சத்தியசந்தர்கள் என்று நினைத்துவிட்டார். ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்தார்கள்!

அப்பாவும் வந்தார். என் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசைக்குள் சிரித்தார். அவர் இந்த வாரம் ஒரு மாதிரி இருக்கிறார் அண்ணா. திங்கட்கிழமை கராஜிலிருந்து வந்தவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே சீட்டியடித்தார். சீட்டி! அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

ஊரே சதுப்புக்குப் போகும், சரி. ஆனால் வழி தவறி ஒருவன் என் இடத்துக்கு வந்துவிட்டால்? அதனால் பதினைந்தாம் தேதி நானே தூரத்திலிருந்தே தெரிகிற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போய் உட்காரப்போகிறேன். பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்தில் யாரும் சுட மாட்டார்கள். இது உனக்கு மட்டும் தெரியும்.

எழுது.

ஐலி


டெட்ராய்ட் ஆறு
நவம்பர் 11

ஐலிக்கு,

நான் நலம். நீ அங்கே போகாதே. பதினைந்தாம் தேதி வீட்டிலேயே இரு. காரணம் கேட்காதே. ஃபோன் செய்யலாம் என்று நினைத்தேன், நீ கேள்வி கேட்பாய். இந்தக் கடிதம் நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாளியில் இறக்குகிறேன்.

போகாதே, குட்டி.

ஆர்வோ


ஹெரான் ஃபால்ஸ்
நவம்பர் 16

ஆர்வோவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

'போகாதே' என்ற உன் கடிதம் இன்று வந்தது. நான் நேற்றே போய்விட்டேன்.

அம்மா வேலைக்குப் போயிருந்தாள், அப்பா முன்னமே கிளம்பிவிட்டார். வெளிச்சம் வந்ததும் பள்ளிப் பக்கமாகக் காட்டுக்குள் நுழைந்தேன். கழிவுநீர்க் குளத்தருகே லாரிகள் சந்தை மாதிரி நின்றன. எனக்குச் சிரிப்பு. வேருக்கடியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓடையில் தண்ணீர் சளசளக்கும் சத்தம். யாரோ ஓடை வழியாகவே மேலே ஏறி வந்தார்கள். தேடிக்கொண்டு வருகிற நடை இல்லை, இடம் தெரிந்து வருகிற நடை. அப்பா!

"ஐலி? இங்க என்னடி பண்ற?"

"வியாழக்கிழமைப் பாடம்."

"இன்னிக்கு வெள்ளி."

"நீங்க எப்பிடிப்பா இங்க வந்தீங்க?"

அப்பா காலணியைப் பார்த்தார். "ஒங்கண்ணன் சொன்னான்" என்றார். "கராஜுக்கு ஃபோன் பண்ணினான்."

வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பேஸ்டியைப் பிட்டுப் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார். பிறகு என் கொம்பன் வந்தான், அதே எதிர்க் கரைக்கு. அப்பா சுட்டார். ஒரே குண்டு.

மூன்று சத்தியம் செய்தாய். இனி எனக்கு எழுதாதே.

ஐலி


கிளீவ்லேண்ட் துறை
நவம்பர் 27

அன்புள்ள ஐலிக்கு,

உடம்பு நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாதே என்றாய், இந்த ஒன்றை மட்டும் படி.

நான்தான் சொன்னேன். நான் ஏப்ரலில் ஒரு தரம் கூப்பிட்டேன். அப்பா ஃபோனை வைத்துவிட்டார். ஜூலையிலும் வைத்துவிட்டார். இந்த மாதம் முதல் வாரம் இதே துறையிலிருந்து கராஜுக்குக் கூப்பிட்டேன். "அப்பா" என்றேன். "யாரு?" என்றார். என் குரல் அவருக்குத் தெரியாதா? வைத்துவிடப் போகிறார் என்று புரிந்தது. மன்னிப்பு என்று ஆரம்பித்தால் வைத்துவிடுவார். கப்பல் என்றாலும் வைத்துவிடுவார். எனக்கும் அவருக்கும் நடுவில் வாழ்க்கையில் ஒரே ஒரு பேச்சுதான் உண்டு. "எட்டுக் கிளை ஒண்ணு இருக்குப்பா" என்றேன்.

அவர் வைக்கவில்லை. "எங்க?" என்றார். அப்புறம், "காத்து எப்பிடி?" என்றார். அரை மணி நேரம் பேசினோம் ஐலி. முடிக்கும்போது, "கப்பல்ல குளுருதா?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. இருந்ததும் உன்னுடையது, அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், வரட்டுமா என்று அவரைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. இப்போது உன் முகத்தைப் பார்க்கவும் துணிச்சல் இல்லை. ஜனவரியில் இங்கேயே கப்பலுக்குக் காவலாளி வேலை கிடைக்கும் போலிருக்கிறது.

ஆர்வோ


ஹெரான் ஃபால்ஸ்
டிசம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். எனக்கு மட்டும் ஜலதோஷம். உன் கடிதத்தை இரண்டு வாரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். அம்மா தினமும் அதை என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து எடுத்து, மறுபடி டப்பாவிலேயே வைத்தாள்.

மிஸ் பெரால்ட் என் அறிக்கையில், 'ஐலி அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டாள், இந்தப் பருவத்தின் பெரிய வெற்றி' என்று எழுதியிருக்கிறார். அம்மா அதைக் குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறாள். நான் அதைப் பார்க்காமலேயே கதவைத் திறந்து பால் எடுக்கிறேன். அன்று நடந்ததில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். மீதியைக் கேள்.

'ஒங்கண்ணன்' என்று அப்பா சொன்னார் அல்லவா? மார்ச்சுக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகு அவர் கை பேஸ்டியைச் சுற்றியிருந்த காகிதத்தை நீவிக்கொண்டே இருந்தது, நீவினதையே நீவிக்கொண்டு. "கப்பல்ல அவன் மெலிஞ்சிருப்பான்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

கொம்பன் கரைக்கு வந்தபோது அப்பாவுக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். அப்பா துப்பாக்கியைத் தூக்கி, அவன் பக்கவாட்டில் திரும்பட்டும் என்று காத்திருந்தார். ரொம்ப நேரம், அண்ணா. நான் இருமியிருக்கலாம். காலை உதறியிருக்கலாம். ஒரு சுள்ளி ஒடித்திருந்தால் போதும், அவன் காற்றாகப் பறந்திருப்பான். பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம் சும்மா இருந்தறியாதவள் நான், அப்பா சந்தேகப்பட்டிருக்கவே மாட்டார்.

நான் அசையவில்லை. தெரிந்தேதான் அசையவில்லை. அப்பா இன்றைக்கும் வெறும் கையோடு போனால் உன் பெயர் மறுபடி வாய்க்குள் போய்விடும் என்று பயந்தேன். அவனா நீயா என்று வந்தது, உன்னை எடுத்துக்கொண்டேன். அதனால் நீ மட்டும் குற்றவாளி என்று அங்கே உட்கார்ந்து அழாதே. உன்மேல் கோபம் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் அதை உன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும், வாளியில் அனுப்பக் கூடாது.

இறைச்சி முழுவதும் உறைபெட்டியில் இருக்கிறது. பண்டிகைக்குக் கொஞ்சம் எடுக்கட்டுமா என்று அம்மா கேட்டாள். "அவன் வரட்டும்" என்றார் அப்பா. மூடியைத் தொட்ட என் கையைத் தட்டிவிட்டார். இப்போது உன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? உனக்குத் துணிச்சல் இல்லாததால் அவரே சொல்லிவிட்டார்.

காவலாளி வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ வராமல் போனால் அந்தக் கொம்பன் வீணாகச் செத்தவனாகிவிடுவான். அதை என்னால் தாங்க முடியாது.

வா.

உன் தங்கை,
ஐலி